அட்லாண்டிக்கைக் கப்பலில் கடக்க: முதல்முறை போகிறவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அட்லாண்டிக் கடக்கும் கப்பலுக்குப் புக் செய்கிறவர்களில் பலர் முதலில் கப்பலைப் பார்க்கிறார்கள், அப்புறம் விலையைப் பார்க்கிறார்கள், முன்பணம் கட்டிய பிறகு விசாவைப் பற்றி யோசிக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்கும் பயணம் போல இது வட்டமடித்துத் திரும்பாது. ஒரு கண்டத்தில் ஏறி இன்னொரு கண்டத்தில் இறங்குவீர்கள். அதனால் இறங்கும் ஊரில் தொடங்கிப் பின்னோக்கித் திட்டமிட வேண்டும். கீழே உள்ள வரிசை அப்படி அமைந்தது. படிகளை மாற்றிப் போட்டால் பெரும்பாலும் பணம்தான் போகும்.

1. எந்த வகைப் பயணம்?

இரண்டு வகை உண்டு. முதலாவது, குனார்ட் நிறுவனத்தின் குயின் மேரி 2. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வருடத்தில் பல தடவை போய் வருகிறது. வழக்கமாக 7 இரவுகள். நடுவில் எந்தத் துறைமுகத்திலும் நிற்காது. வட அட்லாண்டிக் அலையை மனதில் வைத்தே கட்டிய கப்பல் என்பதால் வேகமும் அதிகம், குலுக்கலும் குறைவு.

இரண்டாவது, இடமாற்றப் பயணம். கோடையில் ஐரோப்பாவிலும் குளிர்காலத்தில் கரீபியனிலும் ஓடும் கப்பல்கள் வருடத்துக்கு இரண்டு முறை கடலைக் கடந்தே ஆக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கிழக்கே வரும். அக்டோபர், நவம்பரில் மேற்கே போகும். காலியாகப் போவதற்குப் பதில் ஆட்களை ஏற்றிக்கொள்வோம் என்று விலையைக் குறைக்கிறார்கள். ராயல் கரீபியன், செலிப்ரிட்டி, நார்வீஜியன், பிரின்சஸ், எம்எஸ்சி எல்லாமே இப்படிப் போகின்றன. பெரும்பாலும் 12 முதல் 16 இரவுகள். பார்சிலோனா போன்ற ஊரில் ஏறி, ஃபுன்சால் (மதீரா), டெனெரிஃபே (கேனரித் தீவுகள்), போன்டா டெல்காடா (அசோர்ஸ்) என்று ஒன்றிரண்டு தீவுகளைத் தொட்டு, மயாமியிலோ ஃபோர்ட் லாடர்டேலிலோ இறங்குவது வழக்கமான பாதை. நடுவில் 5 முதல் 8 நாட்கள் தண்ணீர் மட்டும்தான்.

வெயில், நீச்சல்குளம் வேண்டுமென்றால் இரண்டாவது வகை. லீவு ஒரு வாரம்தான் என்றால் முதலாவது. ஒரு நாளுக்கான விலையை மட்டும் பார்த்து இடமாற்றப் பயணத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், தொடர்ந்து ஒரு வாரம் கரையே தெரியாது என்பதை யோசிப்பதில்லை. மூன்றாம் நாளே சலிப்பு தட்டும் ஆளாக இருந்தால் விலை குறைவு என்பது லாபமே இல்லை.

குடும்பத்தில் கர்ப்பிணி இருந்தால், பயணத்தின் எந்த நாளிலும் 24ஆவது வாரம் தொடங்கிவிடக் கூடாது என்பது பெரும்பாலான நிறுவனங்களின் விதி. கடல் கடக்கும் பயணங்களில் கைக்குழந்தைக்கு 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். நடுக்கடலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை என்பதே காரணம். இதில் சலுகை கேட்டுப் பயனில்லை.

2. மேற்கா, கிழக்கா?

முதல் பயணமென்றால் மேற்கு நோக்கிப் போங்கள். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி நேர வித்தியாசம். மேற்கே போகும்போது ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அந்த நாட்களுக்கு 25 மணி நேரம். ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். இறங்கும்போது உடம்பு நியூயார்க் நேரத்துக்குப் பழகியிருக்கும்.

கிழக்கே வரும்போது இதே கணக்கு தலைகீழ். ஐந்து நாட்களில் தலா ஒரு மணி நேரம் காணாமல் போகும். காலை உணவைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் திசையில் வருகிறவர்கள்தான்.

மாதத்தையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை வட அட்லாண்டிக்கில் கடல் கரடுமுரடாக இருக்கும். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை; புயல் இருந்தால் கேப்டன் சுற்றிப் போவார், ஆனால் அலையின் வீச்சு தூரத்திலும் தெரியும். சவுத்தாம்ப்டன், நியூயார்க் இடையிலான வடக்குப் பாதைக்கு மே, ஜூன் நல்ல மாதங்கள். நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே அப்போது மூடுபனி இருக்கும். சங்கு ஊதிக்கொண்டே போவார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

3. விசா: பணம் கட்டும் முன்

அதிகம் பேர் இடறி விழும் இடம் இது. கப்பல்தானே, இறங்கி உடனே விமானம் ஏறிவிடுவோமே என்று நினைக்கிறார்கள். எந்த நாட்டில் இறங்கினாலும் அந்த நாட்டு விசா வேண்டும். விசா இல்லாவிட்டால் ஏறும் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள், கட்டிய பணமும் வராது.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க் போக இரண்டு விசா எடுக்க வேண்டும்: கப்பலைப் பிடிக்க பிரிட்டனின் வருகையாளர் விசா, இறங்க அமெரிக்காவின் பி1/பி2 வருகையாளர் விசா. அமெரிக்க விசாவை முதலில் எடுங்கள். நேர்காணல் தேதி கிடைக்கவே சென்னையில் மாதக்கணக்கில் ஆகலாம். கிடைத்துவிட்டால் வழக்கமாக 10 வருடம் செல்லும். மற்ற விசாக்கள் குறுகிய காலத்துக்கானவை, பயணத் தேதியைச் சுற்றித்தான் எடுக்க முடியும். இந்த வரிசையை மாற்றினால், ஐரோப்பிய விசா கையில் இருந்து காலாவதியாகும், அமெரிக்க நேர்காணல் வந்திருக்காது.

பார்சிலோனா அல்லது லிஸ்பனில் ஏறினால் ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசா. அசோர்ஸ், மதீரா போர்ச்சுகலைச் சேர்ந்தவை, கேனரித் தீவுகள் ஸ்பெயினைச் சேர்ந்தவை. எல்லாம் ஷெங்கனுக்குள்தான் வரும். எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால், முதலில் நுழையும் நாடு. இதற்குத் துறைமுக நாட்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். போன்டா டெல்காடா, லிஸ்பன் என்று போர்ச்சுகலில் இரண்டு நாள், கடைசியில் பார்சிலோனாவில் மூன்று நாள் என்றால் ஸ்பெயினுக்குத்தான் விண்ணப்பம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்.

ஒரு நுட்பமான விஷயம்: வழியில் மொராக்கோவின் காசாபிளாங்கா இருந்தால், அங்கே போய்விட்டு மறுபடி ஸ்பெயின் தீவுக்கு வருவது இரண்டாவது நுழைவாகும். ஒருமுறை நுழையும் விசா போதாது. பலமுறை நுழையும் விசாவைக் கேட்டு வாங்குங்கள். மொராக்கோவுக்கும் தனியாக அனுமதி வேண்டுமா என்று கப்பல் நிறுவனத்திடம் கேளுங்கள்.

லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கும் நம்மவர்களுக்கு வேலை குறைவு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் அமெரிக்காவுக்கு ஈஸ்டா அனுமதி, கனடிய பாஸ்போர்ட் என்றால் பிரிட்டனுக்கு இடிஏ. இரண்டுமே விசாவுக்குப் பதிலாக இணையத்தில் எடுக்கும் அனுமதிகள். ஆனால் கூட வரும் அப்பா அம்மா இந்திய பாஸ்போர்ட்டில் இருப்பார்கள். “எனக்கு எதுவும் கேட்கவில்லையே” என்று பிள்ளைகள் அவர்களுக்கும் சேர்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

4. திரும்பும் விமானத்தையும் சேர்த்து விலை போடுங்கள்

சென்னையிலிருந்து லண்டன் ஒருவழி, நியூயார்க்கிலிருந்து சென்னை ஒருவழி என்று தனித்தனியாக எடுத்தால் பல நேரம் விலை எகிறும். ஒரே டிக்கெட்டில் போகும் ஊர் ஒன்று, திரும்பும் ஊர் வேறு என்று எடுக்கும் வசதி பெரும்பாலான பெரிய விமான நிறுவனங்களில் உண்டு. ‘மல்டி சிட்டி’ என்று தேடுங்கள். மலிவுக் கப்பல் என்று நினைத்தது இங்கே விலை கூடிப்போவதைப் பலர் புக் செய்த பிறகே பார்க்கிறார்கள்.

ஏறும் ஊருக்கு ஒரு நாள் முன்னதாகப் போய்விடுங்கள், முடிந்தால் இரண்டு நாள். விமானம் தாமதமானால் அடுத்த துறைமுகத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்பது வேறு பயணங்களுக்குப் பொருந்தும். இங்கே அடுத்த துறைமுகம் அமெரிக்காவாக இருக்கலாம்.

இறங்கும் நாளில் மதியம் ஒரு மணிக்கு முன் கிளம்பும் விமானம் வேண்டாம். கப்பல் காலை 6.30, 7 மணிக்குக் கரை சேர்ந்தாலும் குடியேற்றச் சோதனை வரிசை எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

5. கேபின்

கப்பல் ஆட்டம் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் அதிகம், மேல்தளத்தில் அதிகம். பக்கவாட்டு உருளலைக் கட்டுப்படுத்த ஸ்டெபிலைசர் உண்டு. மூக்கு ஏறி இறங்கும் ஆட்டத்தை அது பெரிதாகக் குறைக்காது. அதனால் நடுப்பகுதி, கீழ்த்தளம். குமட்டல் பயம் இருப்பவர்கள் மேல்தளத்து பால்கனிக்குக் கூடுதல் காசு கொடுத்துவிட்டுப் படுத்தே கிடப்பதைவிட, இந்தக் கேபின் எவ்வளவோ மேல்.

வடக்குப் பாதையில் பால்கனி அவசியமா? என் கருத்தில் இல்லை. பாதி நாள் காற்றில் அங்கே நிற்கவே முடியாது. குயின் மேரி 2இல் கீழ்த்தளங்களில் கப்பலின் உடலுக்குள்ளேயே வெட்டி வைத்த பால்கனிகள் உண்டு. காற்று குறைவுதான், ஆனால் முன்னால் இரும்புச் சுவர். நாற்காலியில் உட்கார்ந்தால் வானம்தான் தெரியும், கடல் தெரியாது. எட்டாம் தளத்தில் உயிர்காப்புப் படகுகள் பார்வையை மறைக்கும் கேபின்களும் உண்டு. விலை குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இடமாற்றக் கப்பல்கள் போகும் தெற்குப் பாதையில் பால்கனிக்கு அர்த்தம் உண்டு. அங்கே வெயில் தென்புறம் விழும். மேற்கே போகும் கப்பலில் இடப்பக்கக் கேபின், கிழக்கே வரும் கப்பலில் வலப்பக்கக் கேபின் என்று கேட்டு வாங்குங்கள்.

கேபின் எண்ணைக் குறிப்பதற்கு முன் தளப்படத்தில் நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். மேலே பஃபே கூடம் என்றால் விடியற்காலை ஐந்து மணிக்கு நாற்காலி இழுக்கும் சத்தத்தில்தான் விழிப்பீர்கள்.

6. டிக்கெட்டில் சேராத செலவும் ஓடிபி சிக்கலும்

சேவைக் கட்டணம் தினமும் ஆளுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 டாலர் தானாகவே கணக்கில் ஏறும். இரண்டு பேருக்கு 7 இரவு என்றால் 210 முதல் 280 டாலர். மது, குளிர்பானம், இணையம், ஸ்பா எல்லாம் தனி. ஒருவர் மட்டும் போனால் பல நிறுவனங்கள் கிட்டத்தட்ட இருவர் கட்டணத்தை வசூலிக்கும். இந்தியாவில் ஏஜென்ட் வழியாகப் புக் செய்தால் டிசிஎஸ் (பணம் வாங்கும்போதே சேர்த்து வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள்; வருமான வரிக் கணக்கில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம், ரசீதை வைத்திருங்கள்.

கப்பலில் ரொக்கம் செல்லாது. எல்லாம் அறை அட்டையில் ஏறி, கடைசியில் கிரெடிட் கார்டில் கழியும். டெபிட் கார்டு கொடுத்தால் செலவழிக்காத பணத்தையும் பிடித்து நிறுத்திவைப்பார்கள், விடுவிக்க நாளாகும். இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துவிட வேண்டும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் அதைச் செய்யுங்கள்.

அடுத்தது ஓடிபி. நடுக்கடலில் உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லை. கப்பலின் சொந்தக் கைபேசிச் சேவை ஒன்று உண்டு, அதன் ரோமிங் கட்டணம் தலையைச் சுற்ற வைக்கும். ஏறியதும் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திறங்கள். அதனால் எஸ்எம்எஸ் வராது, ஓடிபி கேட்கும் எந்தப் பணமும் கட்ட முடியாது. வீட்டுக் கடன் தவணை, கரண்ட் பில், திரும்பும் விமானத்தின் செக்-இன் கட்டணம், அமெரிக்க ஹோட்டல் முன்பணம் எல்லாவற்றையும் கரையிலேயே முடித்துவிடுங்கள்.

7. காப்பீடும் மருந்தும்

ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு ஐரோப்பாவுக்கு மட்டும் என்று இருக்கும். கடலுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லுமா என்று பாலிசியைப் படியுங்கள். கப்பல் பயணம், அவசர மருத்துவ இடமாற்றம், பயண ரத்து மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். கப்பலில் டாக்டர் உண்டு, கட்டணம் அமெரிக்க அளவில் இருக்கும். கடலின் நடுப்பகுதிக்குக் கரையிலிருந்து ஹெலிகாப்டர் எட்டாது. நிலைமை மோசமானால் கப்பலே அசோர்ஸ் பக்கமோ கனடா பக்கமோ திரும்ப வேண்டியிருக்கும்.

தினசரி மாத்திரைகளைப் பயண நாட்களைவிட ஒரு வாரம் அதிகமாக, கைப்பையில். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும். அமெரிக்காவில் நம் ஊர்ப் பெயர்கள் தெரியாது.

குமட்டலுக்கு நம் ஊரில் பஸ் பயணத்துக்குப் போடும் அவோமின், ஸ்டுஜெரான் இரண்டும் வேலை செய்யும். உங்களுக்கு எது பொருந்தும் என்று டாக்டரைக் கேட்டு, கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். ஸ்டுஜெரான் அமெரிக்கக் கடைகளில் கிடைக்காது. எல்லோரும் செய்யும் தவறு, குமட்டல் வந்த பிறகு மாத்திரை போடுவது. வயிறு புரட்ட ஆரம்பித்தால் மாத்திரை உள்ளே நிற்காது. முதல் இரவே, கடல் அமைதியாக இருக்கும்போதே போடுங்கள். தூக்கம் வரும், அதோடு மது கூடாது. இஞ்சி மரப்பாவும் துணைக்கு இருக்கட்டும்.

8. சாப்பாடு

சைவம் என்று ஏறிய பிறகு சொன்னால் பாஸ்தாவும் சாலடும் வரும். புக் செய்தபோதே ‘இந்தியச் சைவம்’ என்று பதிவு செய்யுங்கள். முட்டை கூடாது, வெங்காயம் பூண்டு கூடாது என்றால் அதையும். ஏறிய முதல் இரவு உணவுக்கூடத்தின் தலைமைப் பணியாளரைப் பார்த்துப் பேசுங்கள். மறுநாள் இரவுக்கான சாப்பாட்டை முந்தின நாளே சொல்லிவிட்டால் பருப்பு, காய்கறிக் குழம்பு, சாதம் என்று செய்து தருவார்கள். சமையலறையில் இந்தியர்கள் இருக்கும் கப்பல்கள் ஏராளம். ரசத்தை எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டுச் சமையல் சாப்பாட்டை ஏற்ற விடமாட்டார்கள். சீல் வைத்த பாக்கெட்டுகள் பொதுவாகப் பரவாயில்லை. பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு போதும். நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களை ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. கெட்டில், மின்சார குக்கர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் தீ அபாயம் என்று லக்கேஜ் சோதனையிலேயே எடுத்துவைத்து, இறங்கும்போதுதான் தருவார்கள்.

9. மூட்டை

கப்பலில் லக்கேஜ் தாராளம். திரும்பும் விமானத்தில் எத்தனை கிலோ என்பதை வைத்து எடைபோடுங்கள். குயின் மேரி 2இல் இலவசமாக நாமே துவைத்துக்கொள்ளும் அறைகள் உண்டு. வேறு பல கப்பல்களில் துவைக்கக் கொடுத்துக் காசு கட்ட வேண்டும்.

குனார்டில் மாலை 6 மணிக்கு மேல் நேர்த்தியான உடை, 7 இரவுப் பயணத்தில் வழக்கமாக இரண்டு நாள் விருந்து உடை. கோட் வாடகைக்குத் தேடி அலையாதீர்கள். தேசிய உடை ஏற்றுக்கொள்ளப்படும். பட்டுப்புடவையில் வருகிறவரை அந்தக் கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மேல்தளத்துக்குப் புடவையில் போனால் தலைப்பை ஊக்கு குத்திவிட்டுப் போங்கள், காற்று சும்மா விடாது. விருந்து உடை வேண்டாம் என்பவர்கள் பஃபேயில் சாப்பிடலாம்.

மே மாதமானாலும் காற்றுப் புகாத ஜாக்கெட், வழுக்காத செருப்பு. நம் ஊர் பிளக் பொருந்தாது. சர்ஜ் பாதுகாப்பு (திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் அமைப்பு) இல்லாத அடாப்டராகப் பார்த்து ஒன்று எடுத்தால் போதும்.

10. ஏறும் நாள்

வீட்டிலிருந்தே ஆன்லைன் செக்-இன் முடித்து, லக்கேஜ் சீட்டுகளை அச்சடித்துக்கொள்ளுங்கள். சவுத்தாம்ப்டனில் பயணிகள் முனையம் ஒன்று அல்ல, பல. டாக்ஸியில் ஏறும் முன் எந்த முனையம் என்று டிக்கெட்டில் பாருங்கள்.

பெட்டிகள் கேபினுக்கு வர மாலையாகும். பாஸ்போர்ட், மருந்து, ஒரு ஸ்வெட்டர், போன் சார்ஜர் கைப்பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு வாசலில் தவிப்பவர்களை எல்லாத் துறைமுகத்திலும் பார்க்கலாம்.

பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். முடிந்ததும், ஆபத்து நேரத்தில் நீங்கள் கூட வேண்டிய இடத்துக்கு ஒருமுறை நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள்.

11. நடுக்கடல் நாட்கள்

முதல் ஆட்டம் பெரும்பாலும் இரண்டாம் நாள் தெரியும். லிஃப்ட் பக்கத்தில் காகிதப் பைகள் முளைத்திருந்தால் இரவு கடல் எழும் என்று அர்த்தம். படிக்கட்டில் எப்போதும் ஒரு கை கைப்பிடியில். தளத்துக்குப் போகும் கனமான கதவை காற்று அறைந்து சாத்தும். விரலைக் கதவின் ஓரத்தில் வைக்காதீர்கள், பிடியை மட்டும் பிடியுங்கள். அலமாரியில் காலி ஹேங்கர்கள் இரவு முழுக்க டக் டக்கென்று மோதும். ஒரு துண்டை அவற்றின் இடையே நெய்தது போலச் செருகிவிட்டால் சத்தம் நிற்கும். மேசை இழுப்பறையிலும் ஒரு துணியைச் சொருகுங்கள்.

வயிறு சரியில்லை என்றால் பட்டினி கிடக்காதீர்கள். பச்சை ஆப்பிள், உப்பு பிஸ்கட், கொஞ்சம் சாதம். கேபினுக்குள் போனைப் பார்ப்பதைவிட, நடுத்தளத்தில் அடிவானம் தெரியும் ஜன்னலோரம் உட்காருங்கள்.

பொழுதுக்கு முந்தின மாலையே நிகழ்ச்சித் தாள் வரும். குயின் மேரி 2இல் கோளரங்கம் இருக்கிறது, இடம் குறைவு, முன்பதிவு செய்ய வேண்டும். பெரிய நூலகமும் உண்டு. ஏழாம் தளத்தில் மூன்று சுற்று நடந்தால் ஏறக்குறைய 1.8 கி.மீ. காலை உணவுக்கு முன் ஒரு தடவை, இரவு உணவுக்குப் பின் ஒரு தடவை என்று நடந்தால் நாளுக்கு ஒரு ஒழுங்கு வரும். எல்லா நிகழ்ச்சிக்கும் ஓட வேண்டும் என்று கிளம்பினால் நான்காம் நாள் களைத்துவிடுவீர்கள்.

இடமாற்றப் பயணத்தில் அசோர்ஸ் நிறுத்தம் காற்று காரணமாக ரத்தாவது சகஜம். துறைமுக வரி மட்டும் திரும்ப வரும். அங்கே தனியார் சுற்றுலா புக் செய்தால், கப்பல் வராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

12. இறங்குவது

கடைசி இரவு பெட்டிகளைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போட வேண்டிய உடை, செருப்பு, மருந்து, பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துக் கட்டிலில் வையுங்கள், அப்புறம் பெட்டியைப் பூட்டுங்கள். நைட்டியோடும் ரப்பர் செருப்போடும் இறங்குகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பெட்டிகளை நீங்களே தூக்க முடியுமென்றால் வெளியே வைக்க வேண்டாம். சொந்தமாகத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களை முதலில் விடுவார்கள்.

நியூயார்க் வருகிறவர்கள் அலாரம் வைத்து விடிவதற்கு முன் மேல்தளத்துக்குப் போங்கள். வழக்கமாக ஐந்து மணி வாக்கில் வெரசானோ-நாரோஸ் பாலத்துக்கு அடியில் கப்பல் நுழையும். புகைபோக்கிக்கும் பாலத்துக்கும் நடுவே சில மீட்டர்தான். கப்பல் நிற்பது மன்ஹாட்டனில் என்று நினைத்து அங்கே வண்டி சொல்லிவைக்கிறார்கள். குயின் மேரி 2 வழக்கமாக நிற்பது புரூக்ளினின் ரெட் ஹுக் பகுதியில்.

பஃபேயில் எடுத்த ஆப்பிளும் வாழைப்பழமும் பையில் இருந்தால் கப்பலிலேயே சாப்பிட்டுவிடுங்கள். அமெரிக்கச் சுங்கத்தில் பழத்தைச் சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம் உண்டு, மோப்ப நாய்களும் நிற்கும். அதிகாரி கேட்கும் கேள்விகள் விமான நிலையத்தில் கேட்பவைதான்: எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள். திரும்பும் டிக்கெட்டையும் ஹோட்டல் முகவரியையும் தாளில் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். அந்தக் கூடத்தில் போனை எடுக்க விடமாட்டார்கள்.